மார்த்தாண்டத்துல சொல்லி சுத்த வச்ச 24-0-24 ட்ரான்ஸ்ஃபார்மர், காசுக்கு தகுமா?

நேரா விஷயத்துக்கு வாறேன். சொந்தமா ஆம்ப்ளிஃபயர் அசெம்பிள் பண்ணணும்னு ஆசைப்படுற நம்ம ஊர் பயலுவ எல்லாரும் போர்டுக்கும் ஐசிக்கும் தான் மண்டைய ஒடச்சிக்கிடுதானுவ, ட்ரான்ஸ்ஃபார்மர் மட்டும் கடைக்காரர் எத எடுத்து நீட்டுறாரோ அதையே பையில போட்டுட்டு வந்துருதானுவ. எனக்க கணக்கு வேற. காசு மொதல்ல போக வேண்டியது ட்ரான்ஸ்ஃபார்மருக்கு, மிச்சம் உள்ளதுல தான் போர்டு, கேபினட், லைட்டு, மீட்டரு எல்லாம். சத்தம் நல்லா வாறதும் அத நம்பி தான், வீட்டுல சின்னப்புள்ளைங்க கை வச்சா ஷாக் அடிக்காம இருக்கதும் அத நம்பி தான். அதனால இந்த ரிவ்யூ போர்டு பத்தி இல்ல, மார்த்தாண்டத்துல ஒரு வைண்டிங் கடையில சொல்லி சுத்த வச்ச 24-0-24, 5 ஆம்பியர் ட்ரான்ஸ்ஃபார்மர் பத்தியாக்கும், அதாவது நடு வயர்ல இருந்து ரெண்டு பக்கமும் 24 வோல்ட் ஏசி தர்றது.

கடை மேம்பாலத்து பக்கம் ஒரு சந்துக்குள்ள. பேர் போர்டே கிடையாது, அதனால இங்க பேர் போடவும் வழியில்ல. வெளிய நாலஞ்சு பழைய பம்பு மோட்டார் துருப்பிடிச்சு கெடக்கும், அது தான் அடையாளம். மெயின் தொழில் மோட்டார் ரீவைண்டிங், அப்புறம் மிக்சி, ஸ்டெபிலைசர். ஆம்ப்ளிஃபயர் ட்ரான்ஸ்ஃபார்மர் கேட்டு போனாதான் செய்வாரு, அதுவும் மைக் செட்காரங்களுக்கு சுத்தி சுத்தி பழகின கை. ஆளுக்கு வயசு அறுபது தாண்டியிருக்கும், நாங்க அண்ணன்னு தான் கூப்பிடுறது.

வீட்டுல ரெண்டு 8 ஓம் ஸ்பீக்கர், டிடிஏ 7294ங்கிற ஆம்ப் ஐசி போட்ட ரெண்டு போர்டு, அவ்வளவு தான் செட்டு. இந்த ஐசி சிக்னல் இல்லாம சும்மா கெடக்கையில பிளஸ் மைனஸ் 50 வோல்ட் வர தாங்கும், ஓடும்போது 40க்கு மேல குடுக்கக்கூடாது. பிளஸ் மைனஸ் 35 வோல்ட்டுல 8 ஓமுக்கு 70 வாட் தரும்னு ஐசி கம்பெனி குடுக்குற டேட்டாஷீட்டுல இருக்கு. கூட வந்த மச்சான் ஒரே பிடிவாதம், 28-0-28 தான் போடணும், வோல்ட்டேஜ் கூட இருந்தா சவுண்டும் கூடும்னு. அண்ணன் தலைய தூக்காமலே கேட்டாரு.

"மக்கா, 28 போடாண்டாம். 28ஐ டிசி ஆக்கினா எவ்வளவு வரும்?"

"நாப்பது வரும் அண்ணே."

"ராத்திரி எல்லாரும் படுத்த பொறவு ஒங்க ஊர்ல கரண்டு 250 வந்தா?"

மச்சான் அதுக்கு மேல வாய தொறக்கல. கணக்கு சின்னது தான், ஏசி வோல்ட்டேஜ 1.414ஆல பெருக்கி டயோடுக்கு ஒரு 0.7 கழிச்சா ஒவ்வொரு பக்கமும் வர்ற டிசி. 24க்கு 33 சொச்சம் வரும், லோடு இல்லாம இருக்கையில அதுக்கும் கொஞ்சம் மேல. லைன் வோல்ட்டேஜ் 250 ஆனாலும் 38 தாண்டாது, ஐசி தப்பிச்சுக்கிடும். 28 போட்டா சாதாரண 230லயே 40ஐ தொட்டுரும், 250 ஆனா 43க்கு மேல. டூப்ளிகேட் ஐசி வேற மார்க்கெட்ல நெறைய கெடக்கு, அதெல்லாம் டேட்டாஷீட்டு அளவுக்கு கூட தாங்காது. ஸ்பீக்கர் 4 ஓம்னா இன்னும் கம்மி, பிளஸ் மைனஸ் 27 போதும்னு அதே டேட்டாஷீட்டு சொல்லுது, அப்ப 20-0-20க்கு மேல போகாதீங்க.

4440ங்கிற சின்ன ஆம்ப் ஐசி போர்டு போடுற தம்பிமாருக்கு ஒரு வரி. அதுக்கு 12-0-12ல ரெண்டு டயோடு போட்டு, நடு வயர கிரவுண்டா எடுத்தா 16 வோல்ட் பக்கம் வரும், சரியா இருக்கும். நாலு டயோடு பிரிட்ஜ் போட்டு நடு வயர விட்டுட்டு ரெண்டு ஓர வயர எடுத்தா 33 வந்துரும், அந்த ஐசி ஓடும்போது தாங்குறதே 18 தான். பொகை வந்த பொறவு போர்டு சரியில்லன்னு கடைக்காரர் கிட்ட போய் சண்ட போடாதீங்க.

செரி, சுத்துற கதைக்கு வருவோம். கூடவே உக்காந்து பாக்க விட்டாரு, அதுக்கே தனியா மார்க் போடணும். 5 ஆம்பியரையும் 48 வோல்ட்டையும் பெருக்கினா 240 விஏ (வோல்ட் ஆம்பியர்). அதுக்கு நடு கால் பரப்பு 18 சதுர சென்டிமீட்டர் வர்ற மாதிரி கோர் (நடுவுல வர்ற இரும்புத் தகடு அடுக்கு) எடுத்தாரு, 50 சைக்கிள் கரண்டுக்கு 45ஐ அந்த பரப்பால வகுத்தா ஒரு வோல்ட்டுக்கு ரெண்டரை சுத்து. காலண்டர் தாளுக்கு பின்னால பென்சில்ல எழுதினாரு, பிரைமரி (லைன் கரண்டு வர்ற பக்கம்) 575 சுத்து 23 கேஜ் கம்பி, செகண்டரி (ஆம்புக்கு போற பக்கம்) 17 கேஜ்ல 62, நடுவுல டேப் (அங்க இருந்து வெளிய எடுக்கிற வயர்), மறுபடி 62. கணக்குப்படி 60 தான் வேணும், லோடு ஏறும்போது வோல்ட்டேஜ் இறங்கும்லா, அதுக்கு தான் அந்த ரெண்டு சுத்து. கைப்பிடி போட்ட பழைய வைண்டிங் மெஷின், ஓரத்துல ஒரு கவுண்டர், ஆனா ஆளு கவுண்டர பாக்கதே இல்ல. இடது கை வெரல் இடுக்குல கம்பிய லேசா பிடிச்சு, ஒவ்வொரு வரிசை முடியும்போதும் ஒரு பேப்பர் வச்சு, ஓரத்துல கம்பி கீழ் வரிசைக்கு வழுகி விழாம நகத்தால ஒதுக்கி விடுறாரு. அந்த ஓரத்துல கம்பி விழுந்தா என்ன ஆகும்னா, நூறு சுத்து தள்ளி இருக்க வேண்டிய ரெண்டு கம்பி பக்கத்துல பக்கத்துல வந்துரும், கம்பி மேல உள்ள எனாமல் பூச்சு ஒரு இடத்துல உரிஞ்சா ஷார்ட்டு தான். ரெடிமேட் மலிவு சரக்கு நெறைய சாகுறது இப்பிடி தான்.

பிரைமரிக்கும் செகண்டரிக்கும் நடுவுல மூணு சுத்து தடிச்ச பேப்பர், அதுக்கு மேல ஒரு செம்புத் தகடு, அதுல இருந்து எர்த்துக்கு ஒரு வயர். தகடு ஒரு முழு சுத்து வரணும், ஆனா ரெண்டு நுனியும் தொடக்கூடாது, நடுவுல பேப்பர் இருக்கணும். தொட்டுச்சுன்னா அதுவே ஒத்த சுத்து வைண்டிங் ஆகி ஷார்ட் ஆயிரும், ட்ரான்ஸ்ஃபார்மர் கொதிக்கும். கேக்காமலே போட்டு குடுத்தாரு. லைன்ல இருந்து வர்ற கிரைண்டர் மிக்சி இரைச்சல் கொறையும், அதோட பிரைமரி இன்சுலேசன் என்னைக்காவது செத்துச்சுன்னா கரண்டு செகண்டரிக்கு போறதுக்கு பதிலா எர்த்துக்கு போய் ஃபியூஸ தூக்கிரும்.

பழைய ஸ்டெபிலைசர்ல இருந்து ட்ரான்ஸ்ஃபார்மர உருவி ஆம்ப்ளிஃபயருக்கு போடலாமான்னு மச்சான் அப்பவும் ஒரு கேள்வி கேட்டான், அதுக்கு தான் அண்ணன் உண்மையாவே கோவப்பட்டாரு. ஸ்டெபிலைசர்ல இருக்கது பெரும்பாலும் ஆட்டோ ட்ரான்ஸ்ஃபார்மர், ஒரே வைண்டிங்ல டேப் எடுத்தது. உள்ள வர்ற லைனுக்கும் வெளிய போறதுக்கும் நடுவுல தடுப்பே இல்ல. அதுல ஆம்ப் ஓட்டினா ஸ்பீக்கர் வயர், வால்யூம் நாப், ஆக்ஸ் பின், அதுல சொருகின போன், எல்லாத்துலயும் வீட்டு கரண்டு நிக்கும். ட்ரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டேஜ குறைக்க மட்டும்னு நெனச்சிட்டு இருக்கவங்க கவனிக்க வேண்டிய இடம் இது, அது லைன்ல இருந்து நம்மள பிரிச்சும் வைக்கணும்.

சுத்தி முடிச்சு, ஸ்டாம்பிங், அதாவது கோர் தகடு எல்லாம் ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி சொருகி, கடைசி நாலஞ்சு தகட மரக்கொட்டாப்புளியால தட்டி ஏத்தினாரு. தகடு லூசா இருந்தா ஸ்பீக்கர கழத்தி போட்டாலும் பெட்டிக்குள்ள இருந்து உர்ர்னு சத்தம் வந்துட்டே இருக்கும். அதுக்கப்புறம் வார்னிஷ்ல முக்கி காய வச்சதுல தான் நாள் இழுத்துச்சு, அத பின்னால சொல்றேன்.

வாங்க போன அன்னைக்கு முன்னாடியே வச்சு டெஸ்ட் பண்ணி காட்டினாரு. மொதல்ல 500 வோல்ட் மெக்கர், இன்சுலேசன் நல்லா இருக்கான்னு பாக்குற மீட்டர். பிரைமரிக்கும் செகண்டரிக்கும், பிரைமரிக்கும் கோருக்கும், செகண்டரிக்கும் கோருக்கும்னு மூணு இடத்துலயும் சுத்தினாரு, முள்ளு இன்ஃபினிட்டிய விட்டு அசையல. அடுத்து சீரியஸ் பல்பு, அதாவது லைனுக்கும் ட்ரான்ஸ்ஃபார்மருக்கும் நடுவுல ஒரு 100 வாட் குண்டு பல்பு. பல்பு எரியவே இல்ல, இழை மட்டும் லேசா செவந்தாப்புல இருந்துச்சு, அப்ப உள்ள ஷார்ட்டு சுத்து இல்லன்னு அர்த்தம். பளிச்சுன்னு எரிஞ்சா அத வீட்டுக்கு கொண்டு போகவே கூடாது. அப்புறம் நேரா லைன்ல போட்டு, சாயா குடிச்சிட்டு வாங்கன்னு அனுப்பிட்டாரு. திரும்பி வந்து தொட்டு பாத்தா கொஞ்சம் வெதுவெதுப்பு, அவ்வளவு தான்.

மெக்கர் வச்சு டெஸ்ட் பண்ணி தர்ற கடை நாகர்கோவில் பக்கம் நான் கேட்ட வரைக்கும் கெடைக்கல. எல்லா இடத்துலயும் மீட்டர்ல 24 காட்டுதா, கொண்டு போங்க, அவ்வளவு தான்.

வீட்டுல வந்து நான் பாத்த அளவு, லைன் 230 இருக்கையில லோடு இல்லாம ரெண்டு பக்கமும் 24.8, ரெண்டுக்கும் வித்தியாசமே இல்ல. டிசி ரெண்டு பக்கமும் 34 சொச்சம். பாட்டு நல்லா ஏத்தி வச்சு ஓட்டையில 31க்கு கீழ எறங்கல. இதே போர்டுக்கு மச்சான் முன்னாடி ஒரு கடையில (பேர் வேண்டாம்) வாங்கி வச்சிருந்த ரெடிமேட் 24-0-24 மாட்டி பாத்தோம், ஸ்டிக்கர்ல 5 ஆம்பியர், ஆனா பேஸ் அடிக்கிற ஒவ்வொரு தடவையும் டிசி 25 வர விழுந்து எழும்புது, அரை மணி நேரத்துல கை வைக்க முடியாத சூடு. ஓரத்துல எனாமல சொரண்டி பாத்தா வெள்ளையா அலுமினியம். செம்ப விட அலுமினியத்துக்கு ரெசிஸ்டன்ஸ் ஒன்றரை மடங்குக்கும் மேல, அதே கரண்டுக்கு கம்பி தடிப்பா போடணும், இவங்க போடுறது அதே கேஜ். வாங்கும்போது தேங்காய கையில தூக்கி பாக்குற மாதிரி இதையும் தூக்கி பாருங்க. நான் வாங்கினது நாலு கிலோ பக்கம் இருக்கு, அந்த ரெடிமேட் ரெண்டரை கூட தேறல. செம்பு பூசின அலுமினிய கம்பியும் வருது, மேல சொரண்டினா செவப்பா தான் தெரியும், ஏமாறாதீங்க, நுனிய வெட்டி வெட்டின இடத்துல பாக்கணும்.

பெட்டியில மாட்டும்போது நான் செஞ்சதையும் சொல்லிருறேன், ஏன்னா ட்ரான்ஸ்ஃபார்மர் எவ்வளவு நல்லதா இருந்தாலும் பிரைமரி பக்கம் கோட்ட விட்டா உயிருக்கே ஆபத்து. மூணு பின் பிளக்கு, நல்ல மூணு கோர் வயர், எர்த் வயர் மத்த ரெண்ட விட கொஞ்சம் நீளமா விட்டு தகரப் பெட்டியில பெயிண்ட சொரண்டி நட்டு போல்ட்டு வச்சு தனியா முறுக்கியாச்சு, ட்ரான்ஸ்ஃபார்மர் பிடிக்கிற போல்ட்டுலயே அதையும் சேத்து முறுக்க கூடாது. நீளமா விடுறது எதுக்குன்னா, யாராவது வயர புடிச்சு இழுத்தா ஃபேசும் நியூட்ரலும் மொதல்ல பிய்யணும், எர்த்து கடைசியா தான் பிய்யணும். ஃபேஸ் வயர் மொதல்ல ஃபியூசுக்கு, அப்புறம் சுவிட்சுக்கு, அப்புறம் தான் ட்ரான்ஸ்ஃபார்மருக்கு. பின்னால திருகி மாட்டுற ஃபியூஸ் ஹோல்டர்ல ஃபேஸ் வயர் கடைசி நுனியில இருக்க பின்னுக்கு வரணும், பக்கத்துல இருக்கதுக்கு குடுத்தா ஃபியூஸ் மாத்துற நேரத்துல வெரல் பட சான்ஸ் இருக்கு. ஃபியூஸ் 2 ஆம்பியர் ஸ்லோ ப்ளோ. சாதா ஃபியூஸ் போட்டா சுவிட்ச் போட்ட ஒடனே இழுக்கிற கரண்டுக்கே போயிரும், அப்ப நம்ம ஆளுவ என்ன செய்வானுவ, செம்பு கம்பிய சுத்தி விட்டுருவானுவ. அத செய்யாண்டாம்.

பிளைவுட் பெட்டியில பண்றவங்களும் ட்ரான்ஸ்ஃபார்மர் கிளாம்புக்கும் ஹீட் சிங்க்குக்கும் எர்த் குடுங்க, மரம் தானேன்னு விடாதீங்க. அந்த ஹீட் சிங்க்ல ஒரு விஷயம், 7294 ஐசியோட முதுகுத் தகடு உள்ளுக்குள்ள மைனஸ் சப்ளையோட சேந்தது. மைக்கா ஷீட்டும் புஷ்ஷும் இல்லாம நேரா முறுக்கினா, ஹீட் சிங்க் பெட்டியில படுற நேரம் மைனஸ் 34 வோல்ட் கிரவுண்டோட ஷார்ட்டு. மீட்டர பீப்ல வச்சு ஐசிக்கும் ஹீட் சிங்க்குக்கும் சத்தம் வரலன்னு பாத்த பொறவு தான் கரண்டு குடுக்கணும்.

மொத தடவை ஆன் பண்ணையில வீட்டுலயும் சீரியஸ் பல்பு வச்சு தான் பண்ணேன், எல்இடி பல்பு ஆகாது, இழை உள்ள குண்டு பல்பு தான் வேணும், இப்ப கெடைக்க கஷ்டம், ஒண்ணு வாங்கி பத்திரமா வச்சுக்கிடுங்க. ஒரு வெட்டு வெட்டி எரிஞ்சு அப்பிடியே மங்கிச்சுன்னா கண்டன்சர் சார்ஜ் ஆயிருச்சு, எல்லாம் நல்லம். எரிஞ்சிட்டே நின்னா உடனே ஆஃப் பண்ணிட்டு தப்ப தேடணும். கண்டன்சர் நான் போட்டது பக்கத்துக்கு ஒண்ணு 10000 மைக்ரோ ஃபாரட் 63 வோல்ட், ஒவ்வொண்ணுக்கும் குறுக்கே 2.2 கே 2 வாட் ரெசிஸ்டர். ஆஃப் பண்ணி ஒரு நிமிஷம் கழிச்சு பாத்தா ரெண்டு வோல்ட் பக்கம் தான் நிக்கும். ஸ்க்ரூ டிரைவர வச்சு டப்புன்னு ஷார்ட் பண்ணி டிஸ்சார்ஜ் பண்றது வீடியோல பாக்க ஜோரா இருக்கும், கண்ணுல ஈயம் தெறிச்சா தெரியும்.

ஹம் சத்தத்துக்கு ஒரு சின்ன வேல. ட்ரான்ஸ்ஃபார்மர முறுக்குறதுக்கு முன்ன, இன்புட்ட ஷார்ட் பண்ணி வச்சிட்டு பெட்டிக்குள்ள அத பைய திருப்பி திருப்பி வச்சு கேட்டு பாருங்க (பிரைமரி ஜாயிண்ட் எல்லாத்துக்கும் ஸ்லீவ் போட்ட பொறவு, தொடுற ஒவ்வொரு நேரமும் பிளக்க உருவிட்டு). ஒரு கோணத்துல சத்தம் சட்டுன்னு கொறையும், அங்க வச்சு முறுக்கிருங்க.

ப்ளூடூத் போர்டுக்கும் ஃபேனுக்கும்னு தனியா ஒரு 12 வோல்ட் 1 ஆம்பியர் வைண்டிங்கும் அதுலயே கேட்டு வாங்கினேன். மெயின் சப்ளையில இருந்து 5 வோல்ட் எடுத்தா ப்ளூடூத் போர்டு கீச்சுகீச்சுன்னு கத்தும், இதுல அந்த தொல்ல சுத்தமா இல்ல. ரெடிமேட்ல இப்பிடி கேட்டு வாங்க முடியாது, சொல்லி சுத்த வைக்கிறதுல பெரிய லாபம் இது தான்.

இனி குறைங்க. மொத குறை கொஞ்சம் சீரியஸ். வெளிய வர்ற வயர் எல்லாத்துக்கும் கலர் வித்தியாசமே கிடையாது. பிரைமரி ரெண்டும் கருப்பு, செகண்டரி மூணும் கருப்பு, நடு டேப்புக்கு அடையாளமா ஒரு முடிச்சு. அண்ணனுக்கு தெரியும், வாங்கிட்டு போறவனுக்கு எப்பிடி தெரியும்? 24 வோல்ட் பக்கத்த தெரியாம லைன்ல மாட்டிட்டா ஃபியூஸ் போகுறதுக்கு முன்ன வார்னிஷ் வாசம் வரும். நான் மீட்டர்ல ஓம்ஸ் பாத்து பிரிச்சேன், பிரைமரி 7 ஓம் சொச்சம், செகண்டரி ஒரு ஓம் கூட காட்டாது. இத்தன நுணுக்கமா சுத்துற மனுசன் பத்து ரூவாய்க்கு கலர் ஸ்லீவ் வாங்கி போட மாட்டேங்கிறாரு, கேட்டா சிரிக்காரு.

அடுத்தது டைம். ரெண்டு நாள்ல தாரேன்னு சொன்னது வாரக்கணக்குல போயிருச்சு. ஐப்பசி மழை, வெயிலே இல்ல, வார்னிஷ் காயலங்காரு, அது நியாயம் தான், ஈரத்தோட குடுத்திருந்தா மெக்கர்லயே தோத்திருக்கும். ஆனா ஒரு போன் பண்ணி சொல்லலாம்லா, போனும் எடுக்க மாட்டாரு, குளச்சல்ல இருந்து பஸ் ஏறி போய் பாத்துட்டு வெறுங்கையோட திரும்பினா கடுப்பு வராதா. பில்லு கிடையாது. கேரண்டின்னா "கரிஞ்சா கொண்டு வா" அவ்வளவு தான். கிளாம்புக்கு பெயிண்ட் ஒழுங்கா அடிக்கல, எங்க பக்கம் உப்புக் காத்துக்கு அது சீக்கிரமே செவந்துரும், நானே ஒரு கோட்டு ரெட் ஆக்சைடு அடிச்சுக்கிட்டேன்.

வெலை ரெண்டாயிரத்து சொச்சம் ஆச்சு, கூடுதல் 12 வோல்ட் வைண்டிங்கும் சேத்து. அந்த அலுமினிய ரெடிமேட் இதுல பாதி தான். செம்பு வெலை ஏறினா இதுவும் ஏறும்னு சொல்லித்தான் அட்வான்ஸ் வாங்கினாரு. சின்னதா ஒரு 4440 போட்டு பாட்டு கேக்கணும்னு உள்ளவங்க இங்க போகாண்டாம், அதுக்கு கடையில கெடைக்கிற நல்ல 12-0-12 தாராளம். 100 வாட்டுக்கு மேல, பல வருஷம் ஓடணும், அதுவும் கடற்கரை பக்கம் வீடுன்னா கண்ணமூடிட்டு போங்க. அஞ்சுல நாலு ஸ்டார் குடுப்பேன், அந்த கருப்பு வயருக்கு தான் ஒண்ணு கொறைக்கிறேன்.

போறவங்க கவனத்துக்கு, கோட்டாறு சவேரியார் திருவிழா நேரம், மாசியில மண்டைக்காடு கொடை நேரம் ரெண்டும் தவிர்த்துருங்க, மைக் செட்காரங்க வேலை தான் அப்ப முன்னுக்கு நிக்கும். சித்திரை வைகாசி வெயில்ல குடுத்தா வார்னிஷும் சட்டுன்னு காயும். போகும்போது மறக்காம நாலு கலர்ல ஸ்லீவ் நீங்களே வாங்கிட்டு போயிருங்க, குடுத்தா போட்டு தருவாரு.